பொது ஏபிஐ ஓடுகிறது, வியாபாரம் ஓடவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஏபிஐ என்பது ஒரு நிறுவனத்தின் சேவையை இன்னொருவரின் நிரல் நேராகக் கேட்டு வாங்கும் வழி; ஒவ்வொரு முறை கேட்பதும் ஓர் அழைப்பு. அதைத் தரும் நிறுவனத்தில் ஏதாவது பிரச்சினை என்றால் எல்லோரும் முதலில் சர்வரைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். வேகம் எப்படி, எரர் எத்தனை, மெமரி எவ்வளவு. எல்லாம் பச்சையாகவே இருக்கும். மாதக் கடைசியில் கணக்குப் போட்டால் மட்டும் கையைக் கடிக்கும். அல்லது நல்ல வாடிக்கையாளர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போயிருப்பார். அப்படிப்பட்ட நாட்களுக்காக எழுதிய வழிமுறை இது.

கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில் ஏழு வருடம் இந்த வேலையைத்தான் பார்த்தேன். ஆன்லைனில் துணி விற்பவர்கள், பெரும்பாலும் திருப்பூர்க்காரர்கள், தங்கள் தளத்திலிருந்தே கூரியர் கட்டணம் பார்க்க, பார்சல் புக் செய்ய, அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு ஏபிஐ கொடுத்தோம். கீழே வரும் அறிகுறிகளில் முக்கால்வாசி அங்கே நானே மாட்டிக்கொண்டவை. மீதி, பெரிய நிறுவனங்களுக்கு ஊரறிய நடந்தவை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று எண்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகை அழைப்புக்கும் நமக்கு ஆகும் செலவு. அதிகமாக அழைக்கும் பத்து வாடிக்கையாளர்கள். அதிகமாகப் பணம் தரும் பத்து வாடிக்கையாளர்கள். பின்னிரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்களிடம் அழைப்பில் முதலிடம் பிடித்தவர், பணத்தில் முதல் பத்தில் இல்லை. இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது, ஏனென்றால் அழைப்புக் கணக்கு டெவலப்பர்களிடமும் பணக் கணக்கு அக்கவுண்ட்ஸிலும் இருந்தது. இரண்டு கணக்கையும் ஒரே மேசையில் யாரும் வைத்துப் பார்க்கவில்லை.

அறிகுறி 1: கீ வாங்கியவர்கள் நிறைய, அழைப்பவர்கள் இல்லை

கீ என்பது அழைக்கும்போது வாடிக்கையாளரை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடு. பதிவு செய்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், மேலிடத்துக்கு மகிழ்ச்சி. லாக்கை, அதாவது அழைப்புகளின் பதிவேட்டைத் திறந்தால் பாதிக் கீகள் ஒரு தடவைகூடப் பயன்பட்டிருக்காது.

சோதனை எளிது. புது மின்னஞ்சல் ஒன்றை வைத்து நீங்களே பதிவு செய்யுங்கள். முதல் சரியான பதில் திரும்பி வரும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். எங்களுடையதில் இரண்டு நாள் ஆனது. பதிவு செய்ததும் படிவம் சேல்ஸுக்குப் போகும், அவர் ஜிஎஸ்டி எண் கேட்டுப் போன் செய்வார், பிறகுதான் கீ. ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து முயற்சி செய்கிற டெவலப்பர் அதற்குள் வேறு இடத்துக்குப் போயிருப்பார்.

சோதனைக் கீயை உடனே கொடுங்கள், ஜிஎஸ்டி எல்லாம் நிஜக் கீ கேட்கும்போது கேட்டுக்கொள்ளலாம். சாண்ட்பாக்ஸில், அதாவது சோதனைக்கான போலிச் சூழலில், வெற்றி மட்டும் வந்தால் போதாது. அந்தப் பின்கோடுக்கு டெலிவரி கிடையாது, எடை அதிகம் என்பது போன்ற தோல்விகளும் வர வேண்டும். சோதனை வரை வந்துவிட்டு நிஜத்துக்கு வராமல் நிற்கிறார்களா? விலைப் பக்கத்தைப் பாருங்கள். “கட்டணத்துக்குத் தொடர்பு கொள்ளவும்” என்று இருந்தால் காரணம் அதுதான். டெவலப்பர்கள் தொடர்பு கொள்ள மாட்டார்கள், பக்கத்தை மூடிவிடுவார்கள்.

அறிகுறி 2: அழைப்பு ஏறுகிறது, வரவு ஏறவில்லை

எல்லா அறிகுறிகளிலும் இதுதான் அடிக்கடி வருவது, அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். “டிராஃபிக் கூடியிருக்கிறது, பெரிய சர்வர் போடலாம்” என்று முடிவெடுப்பார்கள். வேண்டாம். முதலில் அந்த அழைப்புகள் என்ன கேட்கின்றன என்று பாருங்கள்.

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதா? கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கடைக்காரரிடம் வழியில் இருக்கும் பார்சல்கள் 10,000. ஒவ்வொன்றும் எங்கே என்று அவருடைய நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கிறது. ஒரு பார்சலுக்கு நாளொன்றுக்கு 288 அழைப்பு, மொத்தம் 28,80,000. பார்சல் போய்ச் சேர நான்கு நாள் என்றால் 1,15,20,000. அந்த நான்கு நாளில் ஒரு பார்சலின் நிலை எட்டு முறை மாறினால், உண்மையில் சொல்ல வேண்டிய சேதி 80,000 தான். மற்றதெல்லாம் “இன்னும் அப்படியேதான் இருக்கிறது” என்று சொல்லிச் சொல்லி நாம் கட்டிய கரண்ட் பில்.

அந்தக் கடைக்காரர் மேல் கோபம் வந்தது. அவருடைய டெவலப்பரிடம் பேசும்போது அவர் எங்கள் ஆவணத்தையே திறந்து காட்டினார். நாங்கள் எழுதிக் கொடுத்த மாதிரி நிரலில்தான் அந்த ஐந்து நிமிடச் சுற்று இருந்தது. அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார், பாவம்.

இந்தச் சிக்கல் சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் வருவதில்லை. 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ நாடு முழுவதும் தடுமாறியது நினைவிருக்கும். பணம் போனதா என்று பரிவர்த்தனை நிலையைக் கேட்கும் ஏபிஐ மேல் வங்கிகளிடமிருந்து அழைப்புகள் வெள்ளமாகக் குவிந்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூட மறுபடி மறுபடி கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் வரம்பு வைத்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைதான் இருப்புப் பார்க்கலாம், இணைத்த கணக்குகளை 25 முறைதான் பார்க்கலாம். நிலுவையில் இருக்கும் பரிவர்த்தனையின் நிலையை 3 முறைதான் கேட்கலாம், இடையே 90 விநாடி விட வேண்டும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் வெப்ஹூக் கொடுங்கள், அதாவது நிலை மாறும்போது நாமே அவர்களைக் கூப்பிட்டுச் சொல்வது. மாதிரி நிரலை அதற்கேற்ப மாற்றி எழுதுங்கள். அப்புறம்தான் வரம்பு. மாற்று வழி இல்லாமல் வரம்பை மட்டும் வைத்தால் வாடிக்கையாளருக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். வரம்பு மீறினால் 429 என்ற குறியீட்டோடு, எத்தனை விநாடி கழித்து வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வரம்பில் 80 விழுக்காட்டைத் தொட்டதும் ஒரு மின்னஞ்சல் போகட்டும்.

வெப்ஹூக்கில் ஒரு சின்ன எச்சரிக்கை. வாடிக்கையாளரின் சர்வர் ஞாயிற்றுக்கிழமை படுத்துவிடும். நாம் அனுப்பிய சேதி போய்ச் சேராது. திங்கள் காலை “உங்கள் சிஸ்டம் வேலை செய்யவில்லை” என்று நமக்குத்தான் போன் வரும். சேராத சேதியை இடைவெளி விட்டு மறுபடி அனுப்பவும், கடந்த சில நாள் சேதிகளை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு இல்லாவிட்டால், அவர்கள் பழையபடி ஐந்து நிமிடச் சுற்றுக்கே போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இலவசத் திட்டத்தைத் துண்டு துண்டாக்கிப் பயன்படுத்துகிறார்களா? ஒரே ஐபி முகவரியிலிருந்து பல கீகள் வருகின்றனவா என்று பாருங்கள். எங்களிடம் ஒருவர் பதினான்கு மின்னஞ்சலில் பதினான்கு இலவசக் கணக்கு வைத்திருந்தார். சேல்ஸ் தம்பி எல்லாவற்றையும் முடக்கக் கிளம்பினான். நிறுத்தி, விலைப் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். இலவசத்துக்கு அடுத்த படி மாதம் 15,000 ரூபாய். நடுவில் ஒன்றுமே இல்லை. அவருடைய வியாபாரத்துக்கு 1,500 ரூபாய் சரியாக இருந்திருக்கும். அந்தப் படியைப் போட்டோம், அவர் பதினான்கு கணக்கையும் மூடிவிட்டு ஒன்றில் வந்து உட்கார்ந்தார். முடக்கியிருந்தால் இன்னொரு பதினான்கு மின்னஞ்சல் பிறந்திருக்கும்.

இரண்டும் இல்லையென்றால், விலை வைத்திருக்கும் அலகே தவறாக இருக்கலாம். அழைப்புக்கு இவ்வளவு என்று விலை வைப்பது நமக்கு எண்ண எளிது. ஆனால் துணிக்கடையில் ஐம்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றை எடுப்பவரிடம் ஐம்பதுக்கும் காசு கேட்டால் யார் வருவார்கள்? கூரியர் கட்டணம் கேட்பதும் அப்படித்தான். வாங்க வருபவர் கார்ட்டில் பொருளை மாற்றி மாற்றிப் போடும்போதெல்லாம் ஓர் அழைப்பு. வாடிக்கையாளருக்கு எதனால் பணம் வருகிறதோ அதன் மேல் விலை வையுங்கள். நாங்கள் கடைசியில் புக்கான பார்சலுக்கு இவ்வளவு என்று மாற்றினோம். கட்டணம் கேட்பது ஒரு பார்சலுக்கு இருபது முறை வரை சேர்த்தி, அதற்கு மேல் தனிக் கணக்கு. இந்த “அதற்கு மேல்” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். போட்டி நிறுவனம் ஒன்று புக்கே செய்யாமல் கட்டணத்தை மட்டும் நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருந்தது எங்களுக்கு அந்த வரியால்தான் தெரியவந்தது.

அறிகுறி 3: விலையை மாற்றினோம், ஊரே திரண்டது

விலை ஏற்றுவது தவறில்லை. எப்படி ஏற்றினார்கள் என்பதில்தான் எல்லாக் கலவரமும் பிறக்கிறது.

கூகுள் மேப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2018க்கு முன் ஒரு தளம் நாளொன்றுக்கு 25,000 வரைபடங்களை இலவசமாகக் காட்டலாம், அதற்கு மேல் ஆயிரத்துக்கு அரை டாலர். அந்த ஆண்டு மே 2 அன்று புதிய திட்டத்தை அறிவித்தார்கள். மாதம் 200 டாலர் வரை இலவசம், சாதாரண ஊடாட்ட வரைபடம் ஆயிரத்துக்கு 7 டாலர், கிரெடிட் கார்டு கட்டாயம். 7 டாலர் என்றால் விலை பதினான்கு மடங்கு. நாளுக்கு 25,000 என்றிருந்த இலவசம், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 28,000 ஆகச் சுருங்கியது. ஜூன் 11 என்று வைத்த தேதியை ஜூலை 16க்குத் தள்ள வேண்டி வந்தது. எத்தனையோ சிறிய தளங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் பக்கம் போயின. 2024 ஜூலையில் ஓலா, வரைபடத்துக்கு ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் செலவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுச் சொந்த வரைபடத்துக்கு மாறியது. மற்ற டெவலப்பர்களுக்கும் அதை ஓராண்டு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அந்த ஆகஸ்ட் முதல் இந்தியாவில் தன் விலையை 70 விழுக்காடு வரை குறைத்தது கூகுள்.

ரெடிட் என்ற விவாதத் தளத்தின் கதை இன்னும் கடுமை. 2023 மே கடைசியில் ரெடிட்டைப் படிக்க உதவும் அப்போலோ என்ற வெளிச் செயலியை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக்கிடம் விலை சொன்னார்கள்: ஆயிரம் அழைப்புக்கு 0.24 டாலர். கேட்கச் சின்னத் தொகை. அவருடைய செயலி மாதத்துக்கு 700 கோடி அழைப்பு அனுப்பியது. பெருக்கிப் பார்த்தால் மாதம் 17 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் கீழே, ஆண்டுக்கு 2 கோடி டாலர். அமலுக்கு வரும் தேதி ஜூலை 1, அதாவது முப்பது நாள். ஜூன் 12 அன்று ஆயிரக்கணக்கான ரெடிட் குழுக்கள் கதவைச் சாத்தின. ஜூன் 30 அன்று அப்போலோ மூடப்பட்டது.

இந்த இரண்டையும் வைத்து உங்கள் திட்டத்தைச் சோதியுங்கள். புது விலையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வரப்போகும் பில்லை, போன மூன்று மாதப் பயன்பாட்டை வைத்துக் கணக்கிட்டு அவரவருக்கு அனுப்புங்கள். பொதுவான விலைப் பட்டியல் யாருக்கும் புரியாது, “உங்களுக்கு 4,200 ரூபாய் 6,800 ஆகிறது” என்றால் புரியும். யாருக்காவது மூன்று மடங்குக்கு மேல் போனால் அறிவிப்புக்கு முன்பே போன் செய்யுங்கள். அவகாசம் முப்பது நாள் போதாது. வேறு இடத்துக்கு மாற அவர்களுக்கு ஆறு மாதம் ஆகும் என்றால் ஆறு மாதம் கொடுங்கள். மாறிவிடுவார்களே என்று பயமாக இருக்கும். மாற நேரமே கொடுக்காவிட்டால் நிச்சயம் மாறுவார்கள், பேசிவிட்டும் போவார்கள்.

அறிகுறி 4: “நாங்கள் எதையும் மாற்றவில்லை” என்கிறோம், அவர்களுக்கு உடைந்துவிட்டது

ஹைரம் ரைட் என்ற மென்பொருள் பொறியாளர் பெயரில் ஒரு விதி சொல்வார்கள். பயன்படுத்துபவர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், நீங்கள் ஆவணத்தில் என்ன உறுதி கொடுத்திருந்தாலும் சரி, வெளியே தெரிகிற ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார்.

எங்கள் அனுபவம் இதுதான். பின்கோடு தவறாக இருந்தால் வரும் எரர் வாசகத்தில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. ஒரு புதுப் பையன் அதைத் திருத்தினான். நல்ல பையன். மறுநாள் ஒரு வாடிக்கையாளரின் தளத்தில் ஆர்டர்கள் நின்றுவிட்டன. எரர் குறியீட்டைப் பார்க்காமல், அந்தப் பிழையான வாசகத்தையே அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கும்படி எழுதியிருக்கிறார்கள். எழுத்துப்பிழையை மறுபடி போட்டுக் கொடுத்தோம். நான் வேலையை விட்டு வரும்போதும் அது அங்கேயேதான் இருந்தது.

கண்டுபிடிக்க: புகார் வந்த நாளுக்கு முந்தைய வாரத்தின் பதில் ஒன்றையும் இன்றைய பதிலையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பதிலில் வரும் புலங்களின் (பெயர், எடை போன்ற தனித்தனி விவரங்களின்) வரிசை, காலியாக இருந்தால் புலமே வராதா அல்லது வெறுமையாக வருமா, எண் மேற்கோள் குறிக்குள் வருகிறதா, தேதியின் நேர மண்டலம், பட்டியல் எந்த வரிசையில் வருகிறது, பதில் வரும் வேகம் வரை எல்லாவற்றையும் பாருங்கள். வேகமாகப் பதில் வரத் தொடங்கியதால் உடைந்த நிரலைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

சரிசெய்ய: இன்றைக்குப் பழையபடி மாற்றிக் கொடுங்கள், தர்க்கம் பேச வேண்டாம். அதன் பிறகு பதிப்பு முறையைக் கொண்டு வாருங்கள். ஆன்லைன் பணப் பரிமாற்ற நிறுவனமான ஸ்ட்ரைப் செய்வது எனக்குப் பிடித்த முறை. ஒரு கணக்கு முதல் முறை அழைக்கும்போது அன்றைக்கு இருக்கும் கடைசித் தேதியிட்ட பதிப்பு அதற்கு ஒட்டிக்கொள்ளும். வாடிக்கையாளர் தானாக மாற்றும்வரை உலகம் அவருக்கு அந்தத் தேதியிலேயே நிற்கும். உள்ளே ஒவ்வொரு மாற்றத்துக்கும், புதிய பதிலைப் பழைய வடிவத்துக்கு மாற்றித் தரும் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு எழுத வேண்டும் என்பதால் செலவு உண்டு. அந்தச் செலவை யார் ஏற்பது என்று முடிவு செய்யாமல் பதிப்பு முறை வேண்டாம். நான்கு பழைய பதிப்புகளைத் தூக்கிச் சுமப்பதில் இரண்டு டெவலப்பர்களின் சம்பளம் போகிறது என்றால், அது விலையில் ஏற வேண்டும்.

பழைய பதிப்பை மூட முடியாமல் தவிப்பதும் இதன் இன்னொரு முகம். மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்த முகவரிக்காரர் வேலையை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருக்கும். நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம் ஒரு நல்ல வேலை செய்தது. கடவுச்சொல்லைக் கொண்டு ஏபிஐ அணுகுவதை 2020 நவம்பர் 13 அன்று நிறுத்துவதற்கு முன்பு, செப்டம்பரிலும் அக்டோபரிலும் அறிவித்த நாட்களில் சில மணி நேரம் மட்டும் நிறுத்திக் காட்டியது. மின்னஞ்சலுக்கு எழாதவர்கள் அதற்கு எழுவார்கள். நாங்களும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் நிறுத்திப் பார்த்தோம். பதினொரு மணிக்குள் ஆறு போன் வந்தது. ஆறு பேரும் எட்டு மின்னஞ்சல் பெற்றவர்கள். தீபாவளி வாரத்தில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்.

அறிகுறி 5: பில் போனதும் சண்டை

மூன்று கேள்விக்குப் பதில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தோல்வியான அழைப்புக்குக் காசு உண்டா? நம் தவறால் வந்த தோல்வி, அதாவது 500 வரிசைக் குறியீடுகள், கணக்கில் சேரவே கூடாது. அவர்கள் தவறாக அனுப்பியதால் வந்த 400 வரிசையை எப்படி எண்ணுவது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாள் எந்த நேரத்தில் முடிகிறது, இந்திய நேரமா, சர்வரில் வழக்கமாக இருக்கும் உலகப் பொது நேரமா? ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் மாதக் கடைசி நாளின் கணக்கு மாறும், ஆடிட்டர் கேட்பார். மூன்றாவது, அவர்களே தினமும் எண்ணிப் பார்க்க இடம் இருக்கிறதா?

இன்னொன்று, இரட்டைப் புக்கிங். பதில் வரத் தாமதமானதும் வாடிக்கையாளரின் நிரல் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும். இரண்டு பார்சல், இரண்டு பில், ஒரே சட்டை. ஒவ்வொரு கோரிக்கையுடனும் அவர்களே ஒரு தனி அடையாள எண் அனுப்ப, அதே எண் மறுபடி வந்தால் புதிதாக எதுவும் செய்யாமல் பழைய பதிலையே திருப்பித் தருவது வழக்கமான தீர்வு. பணம் புழங்கும் எந்த ஏபிஐயும் இது இல்லாமல் வெளியே போகக் கூடாது.

அறிகுறி 6: பெரிய வாடிக்கையாளர் கையெழுத்து வரை வந்து நின்றுவிட்டார்

பெரும்பாலும் எஸ்எல்ஏ, அதாவது சேவை எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்று எழுதிக் கொடுக்கும் உறுதி. சேல்ஸ் ஆள் “99.9 விழுக்காடு தருகிறோம்” என்று சொல்லியிருப்பார், கேட்க அழகாக இருப்பதால். முப்பது நாள் மாதத்தில் 99.9 என்றால் 43 நிமிடம்தான் நிற்கலாம். நாம் யாரையெல்லாம் நம்பியிருக்கிறோம் என்று வரிசையாக எழுதுங்கள். எங்களுக்குக் கிளவுட், கூரியர் நிறுவனத்தின் ஏபிஐ, எஸ்எம்எஸ் நிறுவனம் என்று மூன்று. ஒவ்வொன்றும் 99.5 என்றால் மூன்றையும் பெருக்கினால் 98.5. மாதத்துக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். அதை வைத்துக்கொண்டு 99.9க்குக் கையெழுத்துப் போடுவது சூதாட்டம். எஸ்எம்எஸ் போகாவிட்டாலும் புக்கிங் நடக்கும்படி பிரித்து, புக்கிங்குக்கு மட்டும் உறுதி கொடுத்தோம். வாடிக்கையாளரும் உண்மையில் கேட்டது அதைத்தான்.

நிலவரப் பக்கத்தை வேறு இடத்தில் வையுங்கள். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை விழுந்தபோது, சேவை நிலையைக் காட்டும் பக்கத்தையே சரியாகப் புதுப்பிக்க முடியவில்லை. அந்தப் பக்கமும் எஸ்3ஐத்தான் நம்பியிருந்தது.

அறிகுறி 7: நம் ஏபிஐயை வைத்தே நமக்குப் போட்டி, அல்லது நம் தரவு எங்கோ போகிறது

போட்டி என்றதும் கதவைச் சாத்தத் தோன்றும். சாத்துவதற்கு முன் விதி எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ட்விட்டர் 2012 ஆகஸ்டில், வெளி டெவலப்பர்களின் செயலிகளுக்கு ஒரு லட்சம் பயனர் என்று உச்சவரம்பு வைத்தது. பிடிக்கவில்லை என்றாலும் எல்லோருக்கும் தெரிந்த விதி அது. 2023 ஜனவரியில் அதே நிறுவனம், ட்வீட்பாட் போன்ற செயலிகளை ஒரு வார்த்தை சொல்லாமல் துண்டித்தது. அதற்குப் பிறகு ஒருவர் அந்த ஏபிஐ மேல் வியாபாரம் கட்ட வேண்டுமென்றால் அசாத்தியத் துணிச்சல் வேண்டும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எங்கள் திரையையே நகலெடுக்கும் செயலிக்கு இடமுண்டா என்பதை முதல் நாளே எழுதி வைப்பது மலிவு.

தரவு விஷயம் வேறு வகை. ஃபேஸ்புக்கின் பழைய ஏபிஐயில், ஒருவர் அனுமதி கொடுத்தால் அவருடைய நண்பர்களின் விவரங்களையும் செயலிகள் எடுக்க முடிந்தது. 2015 ஏப்ரலில் அதை மூடினார்கள். ஆனால் அதற்குள் போனது போனதுதான். அந்த விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன விவகாரத்தில் 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது, 2019ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. நம் ஊரிலும் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. உங்கள் ஏபிஐ பதிலில் வரும் ஒவ்வொரு புலத்துக்கும் “இது யாருக்கு, எதற்கு?” என்று கேளுங்கள். எங்கள் பார்சல் நிலைப் பதிலில் வாங்கியவரின் போன் எண் முழுதாக வந்துகொண்டிருந்தது. எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசி நான்கு இலக்கம் போதும் என்று ஆக்கினோம், ஒரு புகார்கூட வரவில்லை.

அறிகுறி 8: ஒரே ராத்திரியில் ஒருவருடைய பயன்பாடு பல மடங்கு

கீ கசிந்திருக்கிறது. பொதுவில் இருக்கும் நிரலுக்குள் அதை அப்படியே எழுதி ஏற்றியிருப்பார்கள். கீயை முடக்குங்கள், ஆனால் முதலில் போன். பழையதும் புதியதும் சில மணி நேரம் சேர்ந்தே வேலை செய்யும்படி மாற்றும் வசதி இருந்தால் யாருடைய வியாபாரமும் நிற்காது. அந்தப் பில்லை வாடிக்கையாளர் தலையில் கட்டாதீர்கள். நாளுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் போனால் நிறுத்து என்று அவரே வைத்துக்கொள்ளும் வரம்பை நாம் கொடுக்கவில்லை என்றால் தவறில் பாதி நம்முடையது.

அறிகுறி 9: எல்லாம் செய்தாயிற்று, இன்னும் நஷ்டம்

மூடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2008ல் பொது ஏபிஐ திறந்தது. டிவியும் போனும் பெருகிய பின், அதன் ஏபிஐக்கு வந்த அழைப்புகளில் பெரும்பங்கு சொந்தச் செயலிகளிடமிருந்துதான். 2013 மார்ச்சில் புதுக் கீ கொடுப்பதை நிறுத்தியது, 2014 நவம்பர் 14 அன்று பொது ஏபிஐயை மூடியது. நடுவில் இருபது மாதம். அந்த வரிசையைத்தான் பின்பற்றச் சொல்வேன்: முதலில் புதியவர்களை நிறுத்துவது, பிறகு தேதி அறிவிப்பது, நன்றாக நடக்கும் சில வாடிக்கையாளர்களுக்குத் தனி ஒப்பந்தம் பேசிப் பார்ப்பது, கடைசியில் மூடுவது.

மூடிய பிறகு அந்த முகவரியை அப்படியே விட்டுவிடாதீர்கள். “இது இனி இல்லை” என்று சொல்லும் 410 குறியீட்டையும், பதிலாக எங்கே போகலாம் என்ற ஒரு வரியையும் ஒரு வருடமாவது திருப்பித் தரட்டும். எங்கள் முதல் பதிப்பை மூடி இரண்டு வருடம் கழித்தும் அதற்குத் தினமும் காலை 6.15 மணிக்கு ஓர் அழைப்பு வந்துகொண்டிருந்தது. டெலிவரி ஆகி மூன்று வருடமான ஒரு பார்சல் எங்கே என்று கேட்கும். அந்தக் கீயில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து பார்த்தோம். கடையை மூடிவிட்டு மளிகை வைத்திருக்கிறார். சர்வர் எங்கே இருக்கிறது என்று அவருக்கே நினைவில்லை.